குத்துமதிப்பாக ஒரு காதுகுத்து

இருபத்து மூன்று வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. கம்ப்யூட்டரில் மௌஸைப் பிடித்து வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் இரக்கம் பொத்துக்கொண்டு வரும்.

சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் கோட் எழுதிக்கொண்டிருந்தேன். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய் ரயிலில் வருவேன். கோட் எழுதுகிற எடிட்டருக்குள் ஒரு தேடும் பெட்டி இருப்பதை ஒருநாள் கண்டுகொண்டேன். அதற்கு ஃபைலின் முழுப் பெயரைத் தர வேண்டாம். பெயரிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு எழுத்தைத் தட்டினால் போதும். அந்த எழுத்துகள் அதே வரிசையில் வருகிற ஃபைல்களையெல்லாம் பட்டியல் போட்டு, இதுவாகத்தான் இருக்கும் என்று தான் நினைப்பதை முதலில் நிறுத்தும். என்டர் தட்டினால் திறந்துவிடும். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டைலாக ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால் குத்துமதிப்புத் தேடல். (அன்றே யாராவது தமிழில் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.)

ஆபீஸில் இதை வைத்து அலட்டி முடித்த பிறகு, அடுத்த பலி எங்கள் பாவா.

பாவா என்றால் என் அக்கா புருஷன். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா எல்லாம் அங்கேதான். வாடிக்கையாளர் சொல்கிற வாசகத்தை, அதாவது மேட்டரை, சாதா டெக்ஸ்ட் ஃபைலாக அடித்து, ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்து வைத்துக்கொள்வார். தேவைப்படும்போது மௌஸை உருட்டி உருட்டி, வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தேடி எடுப்பார். பிறகு ஒரு பிரிண்ட் எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படிப்பார். எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கம்ப்யூட்டரில் என் எடிட்டரை ஏற்றிவிட்டு, "பாவா, ஒரு பேர் சொல்லுங்க" என்றேன்.

"தணிகைவேலு."

நாலு தட்டு. திரை நிறையப் பெயர்கள் வந்து நின்றன.

எங்கள் ஊரில் கோயில் கொண்டிருக்கும் முருகனுக்குத் தணிகை என்பது அடைமொழி. ஊரில் ஆண் குழந்தைகளுக்கு அது தலைமொழி. தணிகைவேலு, தணிகைமலை, தணிகாசலம், தணிகையரசு, புதுசாகப் பிறந்தவன் என்றால் தணிகேஷ். தெருவில் நின்று 'தணி' என்று கூப்பிட்டால் தெருவே திரும்பும்.

"இதுல எந்த தணிகைவேலும்மா?" என்றார் பாவா.

"இன்னும் ரெண்டு எழுத்து அடிச்சா அதுவே புரிஞ்சிக்கும்."

"ஆங். நமக்கே புரியல, அதுக்குப் புரியுதாமா" என்றவர், மறுபடியும் மௌஸைப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு அரக்கோணத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் சேகர். பார்க்க நன்றாக இருந்தார், எனக்குப் பிடித்தும் போனது. அவரைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. பயமெல்லாம் அவருடைய அப்பாமேல்தான். ரயில்வேயில் கார்டு, கொடி காட்டி ரயிலை அனுப்புகிறவர். பெயர் தணிகாசலம். (வேறென்ன இருக்கும்.) கத்தரித்து வைத்த வேலி மாதிரி மீசை. பெண் பார்க்க வந்த அன்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நாலு மணின்னு சொன்னோம், நாலு மணி ஆறு நிமிசம் ஆயிடுச்சி" என்று எங்கள் நைனாவிடம் மன்னிப்புக் கேட்டார். அது மன்னிப்பு மாதிரி இல்லை, சார்ஜ் ஷீட் மாதிரி இருந்தது.

"பொண்ணு இன்னா வேலை?" என்றார்.

"கோட் எழுதறேங்க."

"கோட்டா? அது தைக்கிறது இல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. சிரிப்பாகச் சொன்னாரா, நிஜமாகக் கேட்டாரா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடந்தது.

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் அவருடைய பணி ஓய்வு. அரக்கோணத்தில் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா. மேலதிகாரிகள், யூனியன்காரர்கள், உறவுக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். வாசலில் வைக்கிற பேனரை, "சம்பந்தி கடையிலயே போட்டுடுங்க" என்று பாவாவிடம் கொடுத்துவிட்டார்.

பாவா மேட்டரை அடித்து வைத்தார். ஃபிளெக்ஸ் அடிக்கிற மெஷின் எங்கள் ஊரில் அப்போது இல்லை. மேட்டரையும் போட்டோவையும் அரக்கோணத்துக்கு மெயில் அனுப்பினால், அங்கே பாஷா என்கிற டிசைனர் அழகாக அமைத்து, அடித்து, நேராக மண்டபத்திலேயே கட்டிவிடுவார். அனுப்ப வேண்டிய சனிக்கிழமையன்று பாவாவுக்கு நகரியில் ஒரு கிரகப்பிரவேசம்.

"கோமு, மேட்டர் ரெடியா இருக்குது. நீ அனுப்பிடு. ஆனா பிரிண்ட் எடுத்துப் பாத்துட்டு அனுப்பு, இன்னா?"

"சரி பாவா" என்றேன். வருங்கால மாமனாருக்கு நான் செய்கிற முதல் வேலை. மின்னல் மாதிரி முடித்து, நேரம் தவறாதவர் வீட்டுக்கு நேரம் தவறாத மருமகள் வருகிறாள் என்று காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

போட்டோவைக் கண்ணால் பார்த்து எடுத்தேன். கார்டு உடுப்பில், மீசையுடன், கையில் பச்சைக் கொடி பிடித்து நின்றார். மேட்டருக்கு என் பெட்டியைத் திறந்தேன். தணிகாசலம் என்பதிலிருந்து டி, என், கே. ரிட்டயர்மென்ட் என்பதிலிருந்து ஆர். நாலு எழுத்து, ஒரு என்டர். பட்டியலை நான் பார்க்கவில்லை. பார்க்கிறவர்கள் மௌஸ் பிடிக்கிற ஜாதி.

அந்தப் பட்டியலில் முதலில் நின்றது, பாவா காலையில் அடித்து வைத்துவிட்டுப் போன இன்னொரு ஃபைல்: 'தணிகேஷ் காதணி ஆர்.கே.பேட்டை'. அதிலும் டி இருந்தது, என் இருந்தது, கே இருந்தது. ஆர் எங்கே என்றால் ஆர்.கே.பேட்டையில் இருந்தது.

திறந்ததும் தெரிந்திருக்குமே என்பீர்கள். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்களைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அந்த ஃபான்ட் போட்ட இடத்தில்தான் தமிழாகத் தெரியும். என் எடிட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த உப்புமாவாகத்தான் தெரியும். நான் அந்த உப்புமாவை மொத்தமாக வழித்து மெயிலில் கொட்டி அனுப்பிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் பாஷா போன் செய்தார்.

"யக்கா, மேட்டரு வந்துச்சி. ஒருதபா பாத்துடுறீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு. அப்படியே போடுங்க."

"இல்லக்கா, போட்டோல பெரியவரு கொடி புடிச்சிகினு நிக்கிறாரு..."

"அவரேதான். அந்தப் போட்டோதான்."

"மேட்டருல கொஞ்சம்..."

"பாஷா, ஒரு எழுத்து மாறக் கூடாது. வந்தது வந்தபடி போடுங்க. அவர் ரொம்ப கண்டிப்பானவர்."

"சரிக்கா" என்றார் பாஷா. அந்தக் குரலில் இருந்தது மரியாதை என்று நினைத்தேன்.

விழா நாளன்று நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நைனா, அம்மா, அக்கா, பாவாவுடன் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் ஒரு கூட்டம். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேனர் அவ்வளவு அழகாக வந்திருக்கிறது போலும் என்று நானும் பெருமையாக அண்ணாந்தேன்.

மீசை. பச்சைக் கொடி. அதற்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில்:

'எங்கள் வீட்டுக் குட்டிச் சிங்கம், பால்மணம் மாறாத பச்சிளம் தளிர், செல்லக்குட்டி தணிகேஷுக்குக் காதணி விழா. மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் அமர்ந்து காது குத்திக்கொள்ளும் எங்கள் தங்கத்தை வாழ்த்த வாரீர்.'

பாஷா தன் பங்குக்கு நாலு மூலையிலும் பலூன் போட்டிருந்தார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பாவா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி, வழக்கம்போல எழுத்து எழுத்தாகப் படித்து முடித்தார். "பிரிண்ட் எடுத்துப் பாத்தியா?" என்றார் மெதுவாக.

என் வருங்கால அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் அவர் காலருகே மண்டியிட்டேன். முந்தானையை விலக்கினால், மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "அவரு வர்றதுக்குள்ள அவுத்துடும்மா" என்றார் நடுவில்.

அவர் ஸ்டேஷனிலிருந்து சக ஊழியர்களோடு, மேளதாளத்தோடு ஊர்வலமாக வந்துகொண்டிருந்தார். மேளச் சத்தம் தெரு முனைக்கு வந்துவிட்டது. ஏணியைக் காணவில்லை. சேகர் ஒரு மேஜையை இழுத்து வந்து அதன்மேல் நாற்காலியைப் போட்டார். "நான் ஏறுறேன்" என்றார். "என் தப்பு, நான்தான் ஏறுவேன்" என்று நான் ஏறினேன். (எங்களுடைய முதல் சண்டை அதுதான்.) பட்டுப்புடவையோடு நாற்காலிமேல் நின்று, சவுக்குக் கம்பில் முறுக்கியிருந்த கட்டுக்கம்பியை நகத்தால் பிராண்டினேன். இடது பக்கம் அவிழ்ந்தது. அவிழ்ந்த வேகத்தில் பத்தடி ஃபிளெக்ஸும் என் தலைமேல் சரிந்து, என்னை நாற்காலியோடு சேர்த்து மூடிக்கொண்டது.

உள்ளே இருட்டு. புது ஃபிளெக்ஸ் நாற்றம். மேளம் பக்கத்தில் வந்து, சட்டென்று நின்றது.

"உள்ள யாரு?" என்றது மாமனாரின் குரல்.

"நம்ம பொண்ணுப்பா" என்றார் சேகர். அந்த அவசரத்திலும் 'நம்ம' என்றதைக் கவனித்துக்கொண்டேன்.

வலது பக்கத்தையும் அவிழ்த்து, என்னை இறக்கி வெளியே எடுத்தார்கள். மாமனார் கழுத்தில் ஆளுயர மாலை. பேனரின் ஒரு முனையைப் பாவாவிடமும் மறு முனையைச் சேகரிடமும் கொடுத்து விரிக்கச் சொன்னார். விரித்தார்கள். ரயில் ஓட்டத்துக்கு உத்தரவு படிக்கிறவர் மாதிரி, உரக்க, நிதானமாக, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை படித்தார். 'பால்மணம் மாறாத' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் படித்தார். மாலையோடு வந்த மேலதிகாரி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அழ ஆரம்பித்திருந்தேன். "மாமா, தப்பா வேற ஃபைல்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"சத்திரத்து மாமா வந்துட்டாரா?"

கனகம்மாசத்திரத்திலிருந்து வந்திருந்த அவருடைய சொந்தத் தாய்மாமன், எண்பதைத் தாண்டியவர், முதல் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாமனார் மாலையோடு நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"மாமா, மடியில ஒக்காரணுமாம். பேனர்ல போட்டுட்டாங்க."

கிழவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை கேட்டு விஷயம் புரிந்ததும், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "காலு தாங்காதுடா. சும்மா ஒட்டினாப்பல ஒக்காரு" என்றார்.

தணிகாசலம், கார்டு, முப்பத்தெட்டு வருஷம் சர்வீஸ், தாய்மாமன் மடியில் ஒட்டினாற்போல உட்கார்ந்தார். மண்டபம் வெடித்தது. மேலதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மீசைக்குக் கீழே பல் இருப்பதை அன்றுதான் பார்த்தோம் என்று அவரோடு வேலை செய்த ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எழுந்து வந்து என் எதிரில் நின்றார்.

"நீ எழுதுற கோட்டு இதானா?"

நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன்.

"அழாத. ரிட்டயர் ஆவுற அன்னிக்கி எல்லாரும் மொகத்தத் தூக்கி வெச்சிகினு வருவானுங்க. எவன் பேசினாலும் எழவு வீடு மாதிரி இருக்கும். இன்னிக்கி அந்தத் தொல்ல இல்ல" என்றவர், பாவா பக்கம் திரும்பி, "அத்த திரும்பக் கட்டுங்க" என்றார்.

கட்டினார்கள். மேடையேறிய அத்தனை பேரும் 'தணிகேஷ் அவர்கள்' என்றுதான் பேசினார்கள். யூனியன் செயலாளர், செல்லக்குட்டிக்குச் சேர வேண்டிய பென்ஷன் பாக்கியை உடனே பெற்றுத் தருவோம் என்று முழங்கினார்.

எங்கள் கல்யாணப் பத்திரிகையை இரண்டு வீட்டாருமாகச் சேர்ந்து பிரிண்டில் படித்தார்கள். மாப்பிள்ளை பெயர் வந்த இடத்தில் மாமனார் மட்டும் மூன்று தரம் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். பாஷா இப்போதும் என் குரலைப் போனில் கேட்டால், "யக்கா, வந்தது வந்தபடியா, பாத்துப் போடணுமா?" என்பார். நான் இன்றைக்கும் அந்தத் தேடும் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் என்டர் தட்டுவதற்கு முன்னால் பட்டியலைப் பார்க்கிறேன்.

சில வருஷம் கழித்து மலைமேல் எங்கள் மகனுக்குக் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "காது யாருக்குங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கூட்டம் மொத்தமும், அத்தை உட்பட, மாமனார் பக்கம் கையைக் காட்டியது.

அவர் மீசையைத் தடவிக்கொண்டே, ஆசாரிக்கு நன்றாகத் தெரியும்படி காதைத் திருப்பிக் காட்டினார்.

"எனக்கு அரக்கோணத்துலயே ஆயிடுச்சிப்பா. பேனரே வெச்சாங்க."