படகுக்காரருக்கு வைத்த கவர்

உலகத்தில் டிப்ஸ் கொடுக்காத மனிதர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டு, நிம்மதியாக ஏப்பம் விட்டு, நிம்மதியாக வீடு போய்ச் சேருவார்கள். டிப்ஸ் கொடுக்கிற மனிதர்களும் உண்டு. அவர்களும் நிம்மதியானவர்களே. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: கொடுக்க வேண்டும் என்று மனதார நினைத்து, எவ்வளவு, எப்போது, யாரிடம், எந்தக் கையால் என்று தெரியாமல், கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே பாதி ஆயுளைக் கழிக்கிற இனம். இன்றைக்கு நாம் பார்க்கப்போவது அவர்களைத்தான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நுவரெலியாவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பில் வந்த பிறகும் எழும்பாமல், பல்குத்தும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் கலண்டரை ஆழ்ந்து படித்துக்கொண்டு ஒருவர் இருப்பார். அவர் கலண்டர் படிக்கவில்லை. பரிமாறியவர் இந்தப் பக்கம் வருவாரா, முதலாளி அந்தப் பக்கம் திரும்புவாரா என்று காத்துக்கொண்டிருக்கிறார். வலது பையில் ஐந்நூறு, இடது பையில் ஆயிரம், சட்டைப் பையில் ஐயாயிரம் என்று வீட்டிலேயே பிரித்து வைத்துக்கொண்டுதான் புறப்பட்டார். இப்போது எந்தப் பையில் எது என்று மறந்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் என்ன என்பீர்கள். பார்த்தால் கஞ்சன் என்று நினைத்துவிடமாட்டார்களா? கடைசியில் கைக்கு அகப்பட்டதைக் கோப்பைக்கு அடியில் செருகிவிட்டு, எதையோ திருடிவிட்டவர் மாதிரி ஓட்டமும் நடையுமாக வெளியேறுவார்.

இந்த இனத்தின் சகல லட்சணமும் பொருந்திய ஒருவரை எனக்குத் தெரியும். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். பெயர் புண்ணியமூர்த்தி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் எனக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

புண்ணியமூர்த்திக்கு ஒரே மகள், லோஜினி. கொழும்பில் வேலை. அதே கம்பனியில் வேலை பார்க்கும் வினோஜனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அவனுக்கும் அவளை. முறைப்படி பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா அழகுமுத்து, வத்தளையில் இரும்புக் கடை வைத்திருப்பவர், கேசரி சாப்பிட்டார், பஜ்ஜி சாப்பிட்டார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் பேசுகிற வாய் அவருடைய அக்கா அம்மாக்கண்ணுவுடையது. அந்த அம்மாள் எழும்பும்போது, “போய்ச் சேதி சொல்லி அனுப்புறோம்” என்றார். ஒரு மாதமாகச் சேதி வரவில்லை. லோஜினிக்குச் சோறு இறங்கவில்லை. புண்ணியமூர்த்திக்கும் இறங்கவில்லை, ஆனால் அவர் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கவலைப்படுவார்.

பிறகு பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குள் முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்காருவதால்தானே பேச்சு வரவில்லை? கொத்மலை நீர்த்தேக்கத்தில் ஒரு படகை அரை நாளுக்கு முழுதாக வாடகைக்கு எடுப்போம், இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போகட்டும், தண்ணீரைப் பார்த்தால் மனசு இளகும். அம்மாக்கண்ணுவும் சரி என்றுவிட்டார். நானுஓயா ஸ்டேஷனில் அவர்களை அழைத்துவர வேனும் பேசியாயிற்று.

புறப்படும் காலையில் லோஜினி அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அப்பா, இன்னிக்கு எனக்காக ஒன்னே ஒன்னு செய்யுங்க. டிப்ஸ் விஷயத்த அம்மாகிட்ட விட்டுடுங்க.”

“ஏன், எனக்குக் குடுக்கத் தெரியாதா?”

“அந்தப் பிரின்சிபல மறந்துட்டீங்களா?”

மறக்க முடியுமா? மனைவி பூரணியின் பிறந்தநாளுக்கு ஹோட்டலுக்குப் போனபோது, கைகுலுக்கிற சாக்கில் டிப்ஸைக் கைக்குள் வைத்து அழுத்துவதுதான் நாகரிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மடித்த தாளோடு போய், வெள்ளைச் சட்டை கறுப்புக் காற்சட்டை போட்டிருந்த ஒருவரின் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் பரிமாறுகிறவர் இல்லை. பக்கத்து மேசைக்குச் சாப்பிட வந்திருந்த ஒரு பாடசாலை அதிபர். அவர் எழுந்து வந்து, எல்லாரும் பார்க்க, “இது என்னங்க?” என்று தாளை விரித்துக் காட்டினார். பூரணி அந்த வருடம் பிறந்தநாளே கொண்டாடவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

அவரைப் பார்த்துச் சும்மா சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. சிறுவயதில் அவர் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் காலையில், தோட்டத்துப் பங்களாப் படிக்குக் கீழே அவருடைய அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மேலே நிற்கும் துரை, தன் விரல் பட்டுவிடாமல், ஒரு தாளை அந்தத் தொப்பிக்குள் போடுவார். அப்பா குனிந்து கும்பிடுவார். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு முள். எந்தக் காலத்திலும் யாருக்கும் அப்படிக் கொடுத்துவிடக் கூடாது. வாங்குகிறவர் முகம் சுருங்காமல் கொடுக்க வேண்டும். ஆசை நல்ல ஆசைதான். செயல்முறைதான் தகராறு.

ஆகவே அவர் மகளிடம் “சரிம்மா” என்றுவிட்டு, நேரே போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். படகை வாடகைக்கு எடுத்தால் அதில் வேலை செய்கிறவர்களுக்கு எப்படி டிப்ஸ் கொடுப்பது என்று தேடினார். கிடைத்ததெல்லாம் வெளிநாட்டுக் கோடீஸ்வரர்கள் ஒரு வாரத்துக்கு எடுக்கிற மாடிக் கப்பலுக்கான சட்டதிட்டம். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் கவரில் போட்டுக் கப்டனிடம் கொடுங்கள், அவர் பிரித்துக்கொடுப்பார். பயணம் முடியும்போது கொடுங்கள். கௌரவமாகக் கொடுங்கள். தகரக் கூரை போட்ட பன்னிரண்டு பேர் படகுக்கு இதையெல்லாம் அவர் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கவர். யாருடைய கல்யாணத்துக்கோ மொய் வைப்பதற்காகப் பூரணி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தது. கவர் கவர்தானே என்று அதற்குள் காசைப் போட்டு ஒட்டிவிட்டார்.

படகில் வேலைக்கு இரண்டே பேர். இஞ்சினைப் பிடித்துப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ரிஃகான். டீயும் வடையும் கொடுத்துக் கவனித்துக்கொண்டவர் மீனம்மா. தண்ணீர் பளபளத்தது. மலையெல்லாம் தேயிலை. அம்மாக்கண்ணுவும் பூரணியும் முன்பக்கம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். பிள்ளைகள் நடுவில். அழகுமுத்து கடைசிப் பலகையில், இஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி மௌனமாக இருந்தார்.

அந்தக் கையை நீங்கள் கவனித்தீர்களா? புண்ணியமூர்த்தி கவனிக்கவில்லை. அவருக்கு அவருடைய பாடே பெரும்பாடு. கப்டன் என்றால் ரிஃகான்தானா? காசு மீனம்மாவுக்குப் போய்ச் சேருமா? மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

“தம்பி, நீங்கதான் இதுக்கு கப்டனா?”

“கப்டன் எல்லாம் இல்ல சேர். இஞ்சின் நின்னா நானே எறங்கித் தள்ளுவேன்.”

“மீனம்மாவும் நீங்களும்...?”

“மீனம்மாக்கா வேற வீடு, நான் வேற வீடு சேர். ஏன், எதும் கொறையா?”

“சேச்சே!” என்று பதறி, இன்னொரு வடை வாங்கிச் சாப்பிட்டார். அது ஆறாவது வடை.

படகு கரையை நெருங்கியது. புண்ணியமூர்த்தி பையிலிருந்து கவரை எடுத்தார். வெறும் கவரை நீட்டினால் லஞ்சம் மாதிரி இருக்கும். ஒற்றைக் கையால் கொடுத்தால் துரை கொடுத்த மாதிரி இருக்கும். அப்போதுதான் பூரணியின் கூடைக்குள் வெற்றிலைத் தட்டு கண்ணில் பட்டது. பெரியவர்கள் சாப்பிட்டபின் போட்டுக்கொள்ளக் கொண்டுவந்தது. அடடா! வெற்றிலை பாக்கோடு இரண்டு கையாலும் கொடுத்தால் அதைவிட மரியாதை உண்டா? தட்டை எடுத்தார். வெற்றிலைமேல் மஞ்சள் தடவிய கவரை வைத்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஆடுகிற படகில் அடிமேல் அடிவைத்து, ரிஃகானை நோக்கிப் பின்பக்கம் நடந்தார்.

நடுவில் அழகுமுத்து இருந்தார்.

அழகுமுத்துவும் அந்த இனம்தான். படகு வாடகையைப் பெண் வீட்டார் கொடுத்துவிட்டார்களே, டிப்ஸாவது நாம் கொடுக்க வேண்டாமா, எப்படிக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று நாலு மணித்தியாலமாகப் பைக்குள் ஒரு ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கசக்கிக்கொண்டிருந்தவர் அவர். கவரோடு ஒரு தட்டு வருவதைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. ஆஹா, டிப்ஸுக்குத் தட்டுச் சுற்றுகிறார்கள்! எழும்பினார். வெற்றிலைத் தட்டை ஒற்றைக் கையால் வாங்கலாமா? இரண்டு கையாலும் வாங்கினார். தன் தாளைக் கவர்மேல் வைத்தார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். புண்ணியமூர்த்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அம்மாக்கண்ணு திரும்பினார்.

“என்னா இது!”

ரிஃகான் இஞ்சினை நிறுத்திவிட்டார்.

“தம்பி, தட்டு மாத்திட்டீங்களா?” என்றார் அம்மாக்கண்ணு, அழகுமுத்துவைப் பார்த்து.

இரண்டு அப்பாக்களும் தட்டைப் பார்த்தார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கவர், மேலே பணம். பெண்ணின் தகப்பன் கொடுக்க, பிள்ளையின் தகப்பன் வாங்க, அவர் கொடுக்க, இவர் வாங்க. நிச்சயதார்த்தம் என்றால் இதைத் தவிர வேறென்ன? ‘இது டிப்ஸுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரிந்திருந்தால் அவர்கள் ஏன் இந்த இனத்தில் பிறக்கிறார்கள்?

லோஜினி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போச்சு, என் வாழ்க்கை ஆறு வடையோடு போச்சு என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம...” என்று அம்மாக்கண்ணு ஆரம்பித்தார். புண்ணியமூர்த்தி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “ஒரு வார்த்த கேக்காம, நீயா ஒரு முடிவு எடுத்திருக்கியே தம்பி! அம்பத்தெட்டு வயசுல இப்பதானேடா ஒனக்குத் துணிச்சல் வந்திருக்கு! ஒரு மாசமா நான் எதுக்கு இழுத்துக்கிட்டு இருந்தேன்னு நெனச்ச? புள்ளயப் பெத்தவன் நீ. பொண்ணு புடிச்சிருக்குன்னு ஒன் வாயால ஒரு நாளாச்சும் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழும்பி நின்று, கொத்மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குலவை போட்டார். மீனம்மாவும் சேர்ந்து போட்டார். வினோஜன் லோஜினியைப் பார்த்துச் சிரித்தான்; லோஜினி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெற்ற மனசு குளிர்ந்துவிட்டது. தட்டைப் பூரணி வாங்கி, கண்ணில் ஒற்றி, சாமியறையில் வைக்கவேண்டும் என்று பத்திரமாகக் கூடைக்குள் வைத்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. வேன் புறப்பட்டு இரண்டு வளைவு தாண்டியபோதுதான் புண்ணியமூர்த்திக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஐயையோ, ரிஃகான்!”

“எந்த ரிஃகான்?” என்றார் முன் ஆசனத்திலிருந்து அம்மாக்கண்ணு.

“ஒன்னுமில்லைங்க, இருமல்” என்று இருமினார். பின்னால் அழகுமுத்துவும் இருமினார்.

பூரணி அவர் காதருகே சாய்ந்தார். “நான் குடுத்துட்டேங்க.”

“எப்ப?”

“எறங்கும்போது.”

“எப்படி?”

“எப்படின்னா? தம்பி இது ஒங்களுக்கு, அக்கா இது ஒங்களுக்கு, நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு சொல்லிக் கையில குடுத்தேன். சந்தோசமா வாங்கிக்கிட்டாங்க.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னங்க?”

மாடிக் கப்பல் சட்டதிட்டத்தில் எங்கேயும் இப்படி ஒரு வழி போட்டிருக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து வத்தளையிலிருந்து போன் வந்தது. சம்பந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். “கிளாக்கர் ஐயா, அன்னிக்கு அந்தத் தட்டு... டிப்ஸுதானே?”

“ஆமாங்க.”

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

“அக்காகிட்ட சொல்லிடாதீங்க” என்றார் அழகுமுத்து.

சொல்லவில்லை. அதனால்தான் நானும் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன். கல்யாணம் தை மாதம். நாதஸ்வரக்காரர்களுக்கும் சமையல்காரருக்கும் டிப்ஸ் கொடுக்கிற பொறுப்பு முழுதும் பூரணியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு, மன்னிக்கவேண்டும், புண்ணியமூர்த்திக்கு, வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற வேலை மட்டும்.

நீங்கள் சிரித்துக்கொண்டே வாசித்திருப்பீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போது உங்கள் வலது கை எங்கே இருக்கிறது? பைக்குள்தானே? அப்படியென்றால் நீங்களும் நம்மவர்தான், வாருங்கள். டிப்ஸை நீங்கள் எப்படிக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருந்தால், வெற்றிலைத் தட்டை மட்டும் கையில் எடுத்துவிடாதீர்கள். எதிரில் வருகிறவரும் நம்மவராக இருந்துவிட்டால், அப்புறம் அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.