ஊசி நிற்காத லேத்தும் உன் கழுத்து வளையமும்

அலாஸ்காவில் மீனை டப்பாவில் அடைத்து உலகத்தின் பசி தீர்க்கும் அன்புள்ள அக்கா சோல்வேக்கு,

மான்டானாவிலிருந்து தங்கை டோரித் எழுதுவது. அப்பா, ஆர்லோ சித்தப்பா, நாய், நான் எல்லோரும் நலம். லேத் மட்டும் நலமில்லை.

ஹால்வர்சன் அம்மாளின் துப்பாக்கிக்குப் புதுக் குழல் போட்டு, எல்க் மான் வேட்டை தொடங்குவதற்குள் கொடுத்தாக வேண்டும். லேத்தின் சக்குப் பிடியில் மாட்டிய குழலின் துளை நேராகச் சுற்றுகிறதா என்று பார்க்க எந்தக் கருவி நல்லது என்பதில்தான் சண்டை. துளைக்குள் கம்பியைவிட்டு அதன்மேல் டயலை வைக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. நீளக்கால் டயலே நேராக உள்ளே போகட்டும் என்பது சித்தப்பாவின் கட்சி. எப்படியானாலும் டயலின் ஊசி ஆடாமல் நின்றால்தான் துளை நேர்.

"உன் கம்பி பொய் சொல்லுதுண்ணே!"

"உன் டயல் மட்டும் என்னடா? உள்ள இருக்கிற ஒவ்வொரு வரிப்பள்ளத்துக்கும் தவளை மாதிரி குதிக்குது!"

அப்பா கம்பியைத் துளைக்குள் விட்டார். ஊசி ஆடியது. சித்தப்பாவின் இருமல்தான் காரணம் என்று அவரை வெளியே அனுப்பினார், அப்போதும் ஆடியது, வாலாட்டிய குற்றத்துக்காக நாயையும் அனுப்பினார், அப்போதும் ஆடியது, கடைசியில் மூலையில் படித்துக்கொண்டிருந்த என்னிடம், "டோரி, பக்கத்தைத் திருப்பாத, ஊசி ஆடுது!" என்றார். மாலை முழுவதும் ஒரே பக்கத்தைப் படித்தேன். அதில் ஒரு கப்பல் புறப்படுகிறது. திரும்பி வந்ததா என்பது அடுத்த பக்கத்தில்.

வேறு வேலை இல்லாததால் கம்பியை உற்றுப் பார்த்தேன். அதன் நுனியிலிருந்த வளையம் துளைக்குள் தொளதொளவென்று இருந்தது. சரியான அளவு வளையம் உன் சங்கிலியில் அல்லவா தொங்குகிறது! பஸ் ஏறும்போது, "வீட்டு ஞாபகத்துக்கு இது போதும்" என்றாயே.

சொன்னேன். சித்தப்பா ஜன்னல் வழியே, "அவளையே கூப்பிடுண்ணே. அவ கை பட்டா ஊசி வாலைச் சுருட்டிக்கிட்டு நிக்கும்" என்றார்.

"வளையம் வேணும்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாத" என்றார் அப்பா.

எனவே வேறொன்றும் எழுதவில்லை. உன் நாற்காலியில் நாய் உட்கார்ந்தால் அப்பா அதட்டுகிறார் என்றுகூட எழுதவில்லை. தபாலில் வளையம் தொலைந்துவிடும், கையில் கொண்டுவருவதே பாதுகாப்பு.

மீன் வாடை உன்னை விட்டாலும் எங்கள் அன்பு விடாதிருக்கட்டும்.

உன் தங்கை,
டோரித்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது, திருகாணி டப்பாவில் அதே அளவு வளையம் இன்னொன்று கிடைத்தது. போட்டோம். சித்தப்பா இருமியும் ஊசி அசையவில்லை. அப்பா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை அவளுக்கு எழுதிடாத" என்றார். ஆகவே அக்கா, வளையத்துக்காக நீ வர வேண்டியதில்லை. சும்மா வா.