மாடிக்கு ஒரு லைன்

பதினொன்றாவது படி வரைக்கும் நெட் வந்தது. பன்னிரண்டாவது படியில் கால் வைத்ததும் போய்விட்டது.

பிளம்பர் ஒரு படி இறங்கினார். வந்தது. ஏறினார். போனது. செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரமாக இதே வேலை.

"அந்தப் படி தேஞ்சிடப் போகுது. பேசாம என் தம்பியைக் கூப்பிடறேன். கம்ப்யூட்டர் கடைக்காரன், அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிடுவான்" என்றாள் மனைவி, கீழேயிருந்து.

"அஞ்சு நிமிஷத்துல முடிப்பான். அஞ்சு வருஷம் சொல்லிக் காட்டுவான். ஊருக்கெல்லாம் லைன் இழுக்கிறவன் நான். என் வீட்டு மாடிக்கு ஒரு லைன் இழுக்க வெளியாள் வரணுமா?"

இப்படி வீறாப்பாகச் சொன்னாரே தவிர, உண்மையான காரணம் வேறு. அன்று மாலை நாலு மணிக்கு அவர் மனைவி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆன்லைனில் அரைமணி நேரம் கணக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை கிடைக்கும். கீழே உட்காரலாமென்றால் முன்னறை முழுக்க அவருடைய கடை. குழாயும் குழாய் வெட்டும் சத்தமும், "இந்த வாஷர் இருக்கா?" என்று வருகிறவர்களும். மாடி அறையை விட்டால் வேறு கதியில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி இன்னொரு பள்ளிக்கூடத்திலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சொல்லித் தொலைத்துவிட்டார் மனிதர். அவள் சண்டை போடவில்லை. கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். சண்டை போட்டிருந்தால் அவரும் அன்றைக்கே மறந்திருப்பார். போடாததால் இரண்டு வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஆகவே, இன்றைக்கு என்ன ஆனாலும் சரி, மாடிக்கு நெட் ஏறியே தீர வேண்டும். தன் கையாலேயே ஏற்றியாக வேண்டும்.

அதற்காகவே நேற்று இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்கி வந்திருந்தார். பழைய ரவுட்டர் கடைச் சுவரில்; மறக்காமலிருக்கப் பாஸ்வேர்டும் அதன் மேலேயே எழுதியிருந்தது. அங்கிருந்து கேபிளை எடுத்து, அரை இஞ்ச் குழாய்க்குள் நுழைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் எல்போ போட்டு, அடிக்கு ஒரு கிளாம்ப் அடித்து மாடிக்குக் கொண்டுபோனார். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படியொரு வேலை. கடைசியில் புது ரவுட்டரில் கேபிளைச் சொருகினார். செல்போனில் சிக்னல் முழுசாகக் காட்டியது. நெட் மட்டும் வரவில்லை.

"குழாய் இருக்கு, தண்ணி இல்லை" என்று முனகிக்கொண்டு, கூட வந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தார். வீட்டிலிருக்கும் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் முகவரி கொடுப்பது ஒரே ஒரு ரவுட்டராகத்தான் இருக்க வேண்டுமாம். இரண்டும் கொடுத்தால் குழப்பம். புதியதில் அந்த வேலையை நிறுத்திவிடுங்கள் என்று போட்டிருந்தது. செல்போனிலேயே உள்ளே போய் நிறுத்தினார்.

"ஏங்க!" கீழேயிருந்து சத்தம். "இங்கயும் போயிடுச்சு!"

"எங்க போயிடுச்சு?"

"எனக்கென்ன தெரியும்? இருந்தது, இப்ப இல்ல. என்ன பண்ணீங்க?"

இரண்டு ரவுட்டருக்கும் உள்ளே நுழைய கம்பெனிக்காரன் ஒரே கதவு எண்ணைக் கொடுத்துத் தொலைத்திருந்தான். மாடி ரவுட்டர் என்று நினைத்து இவர் நுழைந்தது கடை ரவுட்டருக்குள். நல்லாயிருந்ததை நிறுத்திவிட்டு நிற்கிறார்.

வேறொருவராயிருந்தால் அந்த நிமிஷமே மச்சானுக்குப் போன் போட்டிருப்பார். பிளம்பர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். கேபிளைக் கழற்றி, கடை ரவுட்டரைப் பழையபடி ஆக்கினார். மாடி ரவுட்டருக்கு வேறு எண் கொடுத்து, முகவரி கொடுக்கிற வேலையையும் நிறுத்தினார். கடை ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையுமே மாடிக்கும் வைத்தார். கேபிளை மறுபடி சொருகினார்.

மணி ஒன்று. நெட் வந்தது, மாடியில்!

மனைவி லேப்டாப்போடு ஏறி வந்து ஒரு வீடியோவைத் திறந்தாள். கொஞ்சம் சுற்றிவிட்டு ஓடியது. "வருதுங்க!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்து எத்தனையோ நாளாயிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா?

"ஆரம்பத்துல கொஞ்சம் சுத்திச்சே, ஏன்?"

"சுத்தினா சுத்திட்டுப் போகுது. வருதில்ல?"

"பிரஷர் பத்தல. நீ பாடம் நடத்தும்போது பாதியில நின்னா?"

"ஐயா சாமி, கை வைக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கை வைத்தார். முப்பது வருஷத் தொழில் சும்மா இருக்க விடவில்லை. ஒரு லைனில் தண்ணீர் பத்தாவிட்டால் இன்னொரு லைன் போட வேண்டும். இது எந்தப் பிளம்பருக்கும் தெரிந்த விஷயம். தவிர, ரவுட்டருக்குப் பின்னால் மூன்று ஓட்டைகள் திறந்தபடியே கிடந்ததும் காலையிலிருந்து அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. திறந்த வாயை அடைக்காமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. இன்னொரு கேபிளை எடுத்து, அதே குழாய்க்குள் நுழைத்து, கீழே ஒரு முனை, மேலே ஒரு முனை சொருகினார். இப்போது இரண்டு ரவுட்டருக்கும் நடுவே இரட்டை லைன்.

இரண்டு ரவுட்டரிலும் எல்லா விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து கண்டபடி மின்ன ஆரம்பித்தன.

"பாத்தியா? இப்பத்தான் பிரஷர்!" என்றார்.

"வீடியோ நின்னுடுச்சுங்க."

"ஒரு நிமிஷம் இரு."

ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமானது. மாடியிலும் இல்லை, கீழேயும் இல்லை. அணைத்துப் போட்டார். பிளக்கை மாற்றினார். புத்தகத்தில் சொன்னதை மறுபடி செய்தார். எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டார், அந்த இரண்டாவது கேபிளைத் தவிர. அது அவருடைய சொந்த யோசனையாயிற்றே, அதில் எப்படித் தப்பு இருக்க முடியும்? நெட் கம்பெனிக்குப் போன் போட்டால், அழைப்பு முக்கியமானது என்று ஒரு பெண்குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்ததும் மறுபடியும் முக்கியமானது என்றது.

இரண்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு டெய்லரம்மா வாசலில் வந்து நின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். தைக்கிற நேரமெல்லாம் அவள் வீட்டில் ஏதாவது தையல் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும்.

"என்னண்ணா, நெட் ரிப்பேரா? ரொம்ப நேரமாகுமா?"

"அக்காவுக்கு நாலு மணிக்குக் கிளாஸும்மா. அதுக்குள்ள எப்படியும் முடிச்சுடுவேன்."

"நாலு மணி ஆயிடுமா!" என்று அவள் முகம் வாடிப்போனது.

அடுத்த வீட்டுக் கஷ்டத்துக்கு இப்படி உருகுகிறாளே என்று பிளம்பருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

மூன்றே முக்காலுக்கு மனைவி மாடிக்கு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். தலை வாரியிருந்தாள். கையில் லேப்டாப், நோட்டு. தரையில் கேபிளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள்.

"நான் டெய்லரம்மா வீட்டுக்குப் போறேன். அவ வீட்ல நல்லா வரும்."

"பத்தே பத்து நிமிஷம் குடு."

"உங்க பத்து நிமிஷத்தைக் காலையிலேர்ந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அன்று கடிதத்தை மடித்தாளே, அதே குரலில் சொன்னாள். இறங்கிப் போய்விட்டாள்.

படிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார் பிளம்பர். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ரவுட்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை விளக்கும் இத்தனை வேகமாக மின்னுகிறது. ஆனால் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அப்படியானால் உள்ளே போவது என்ன ஆகிறது?

"அட மடையா!" என்று தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

ஒரு லைனில் மேலே ஏறுகிறது. இன்னொரு லைனில் கீழே இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. தொட்டியிலிருந்து தொட்டிக்கே சுற்றிக்கொண்டிருந்தால் குழாயில் எப்படி வரும்? இப்படி ஒரு கோளாறை எத்தனை வீட்டில் இவரே கண்டுபிடித்து, "எந்த அறிவாளி இந்த லைனைப் போட்டது?" என்று கேட்டிருக்கிறார்!

இரண்டாவது கேபிளைப் பிடுங்கினார். விளக்கெல்லாம் அடங்கி நிதானமாயின. செல்போனைப் பார்த்தார். நெட் வந்திருந்தது. மணி சரியாக நாலு.

செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாக மனைவியின் குரல் கேட்டது.

"குட் ஈவினிங். நான் இன்னைக்குப் பின்னம் எடுக்கப் போறேன். உங்ககிட்ட ஒரு கேக் இருக்கு, நாலு பேர் சாப்பிட வந்திருக்காங்கன்னு வச்சுக்கோங்க..."

அவர் தெருவிலேயே நின்றுவிட்டார். அந்தக் குரலில் பயமில்லை, தயக்கமில்லை. இவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துகிறவளையா, 'எதற்கு உனக்கு?' என்று கேட்டோம் என்று வெட்கமாக இருந்தது. கூடவே வயிற்றெரிச்சலும். கடைசியில் இன்னொரு வீட்டு நெட்டில்தானே நடத்துகிறாள்!

நாலே காலுக்கெல்லாம் கதவு திறந்தது. மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமையே வரச் சொல்லிட்டாங்க! பாதியிலயே போதும்னுட்டாங்க, அவ்வளவு பிடிச்சுப்போச்சாம்!"

"நான் சொன்னேன்ல, நீ கெட்டிக்காரின்னு?"

"எப்ப சொன்னீங்க?"

"இப்ப சொல்றேன்" என்றார். கண் கலங்கியதை மறைக்க வேஷமெல்லாம் போடவில்லை. "மன்னிச்சுடும்மா. அன்னைக்கும் சேர்த்துத்தான். உன் நேரத்துக்கு என்னால ஒரு லைன் குடுக்க முடியல."

"அதை விடுங்க. நல்ல வேளை, இவ வீட்ல லேப்டாப்பைத் திறந்தேனோ இல்லையோ நெட் வந்துடுச்சு. இவ என்னமோ சொல்ல வந்து மென்னு முழுங்கினா, அவசரத்துல நான்தான் காதுல வாங்கல."

கதவுக்குப் பின்னால் அரைகுறையாக நின்றுகொண்டிருந்த டெய்லரம்மாவைப் பார்த்துப் பிளம்பர் இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயே, உன் நெட் இல்லைன்னா இன்னைக்கு எங்க பாடு திண்டாட்டம். எந்தக் கம்பெனிம்மா அது? என்னோட தண்டக் கம்பெனியை இன்னைக்கே வெட்டிவிட்டுட்டு நானும் அதுக்கே மாறிடறேன்."

டெய்லரம்மா பதறிப்போய் வெளியே வந்தாள்.

"ஐயோ, மாத்திடாதீங்கண்ணா! எங்க வீட்ல ஏது நெட்டு? மூணு வருஷமா உங்களோடதுதான் ஓடுது. நாலு மணிக்கு நீங்க மட்டும் சரி பண்ணலைன்னா, அக்கா வெறும் லேப்டாப்பைப் பாத்துட்டுத்தான் உக்காந்திருந்திருப்பாங்க!"