லக்சம்பேர்க்கைக் காப்பாற்றியவர்

இரண்டாம் உலக யுத்தத்தில் லக்சம்பேர்க், பெல்ஜியம், நோர்வே, துருக்கி ஆகிய நாடுகளின் மானத்தைக் காப்பாற்றியவர் யார் என்று எந்தச் சரித்திர ஆசிரியரைக் கேட்டாலும் விழிப்பார். எனக்குத் தெரியும். அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எண்ணி எழுதுகிறவரை டாலிக் கிளாக்கர் என்பார்கள். அதனால் அவர் எல்லோருக்கும் டாலியர். நாலு நேர்கோடு கீறி, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து, கட்டுக்கட்டாக எண்ணுவார். மூட்டை முடிந்தால் படியை எண்ணுவார், காகத்தை எண்ணுவார், கல்யாண வீட்டில் பந்தியை எண்ணி மாப்பிள்ளை பகுதியிடம் கணக்கு இடிக்கிறது என்று சொல்லிவிட்டு வருவார். பின்பக்கம் வெறுமையான ஒரு தாளைக் கண்டால் கை சும்மா இராது. எங்கள் சலவைக் கணக்குத் தாள்களின் பின்பக்கமெல்லாம் அவருடைய கோடுகள்தான்.

கோட்டைப் பக்கம் மேய்கிற மான்களை வேலைக்குப் போகும் வழியில் தினமும் எண்ணுவது அவர் வழக்கம். ஒரு நாள் ஒன்று குறைந்தது. மனிதர் வேலையை மறந்து பற்றை பற்றையாகத் தேடி, கடைசியில் ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்னால் அது வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நிற்கக் கண்டுபிடித்து, ஒரு மணித்தியாலம் பிந்திக் கந்தோருக்குப் போனார். பிந்தியதற்குக் காரணம் என்ற இடத்தில் 'மான் ஒன்று குறைந்தது' என்று எழுதினார். மேலதிகாரி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாராம்.

பாணுக்கு வரிசையில் நின்ற எழுபதுகள் அவை. ஓர்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். டாலியர், இங்கிலிஷ் படிப்பிக்கிற மாஸ்டர், ரோட்டுப் போடுவிக்கிற ஓவசியர், கிண்ணியாவிலிருந்து வந்து பண்டகசாலை பார்த்த நசீர் நானா, கடைசியாக நான். கட்டைபறிச்சானிலிருந்து லோஞ்சில் குடாக்கடல் தாண்டி வந்து இறங்கிய புதுக் கிளாக்கர். கந்தோரில் எனக்கு மூலை மேசை. வீட்டில் எனக்குக் குசினி. இரண்டு இடத்திலும் தேத்தண்ணி போடுவதைத் தவிர என்னால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று எனக்குப் பட்டது. மூன்றாம் மாதமே ஊருக்குத் திரும்பி அப்பாவோடு வயலைப் பார்க்கலாம் என்று முடிவுகட்டி, ராஜினாமாக் கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை கொடுப்பதாக அதைச் சாப்பாட்டு மேசையில் பேப்பருக்கு அடியில் வைத்தேன். சனிக்கிழமை பார்த்தால் காணவில்லை. சரி, ஞாயிறு பின்னேரம் இன்னொன்று எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் உலக யுத்தம் நடக்கும். ஏதோ ஒரு கப்பல் மாலுமி டாலியருக்குக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு அது. மேசை நிறைய ஐரோப்பாப் படம். காய்களில் பாதி தொலைந்துபோனதால் புளியங்கொட்டை படையாகவும் சட்டைத் தெறி கப்பலாகவும் வேலை பார்த்தன. பெரிய நாடு நாலு. கதிரையும் நாலு. சின்ன நாடுகளைப் பற்றிச் சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. முதலில் கால் வைக்கிறவனுக்கு அது சொந்தம். அதை வாசித்துச் சொன்னவர் மாஸ்டர். ஜேர்மனி அவருடையது. பெல்ஜியத்துக்குள் அவர் படையை விரலால் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் குசினி வரைக்கும் கேட்கும்.

அந்த ஞாயிறு டாலியர் துறைமுகத்தில் கழித்துப் போட்ட ஒரு கதிரையைத் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறி வந்தார். மேசைக்குப் பக்கத்தில் போட்டு என்னை அதில் இருக்கச் சொன்னார். இனிமேல் சின்ன நாடுகள் எல்லாம் என்னுடையவை என்றும், அவற்றுக்குத் தான் சட்டம் எழுதியிருப்பதாகவும் அறிவித்தார்.

மாஸ்டர் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

"மாஸ்டர், எவ்வளவு பெரிய கப்பலெண்டாலும் எங்கட துறைமுகத்துக்குள்ள வாறதெண்டா வெளியில நிண்டு பைலட்டைக் கேக்கவேணும். பைலட் ஏறி வழிகாட்டாமல் ஒண்டும் உள்ள வராது. பெல்ஜியம் எங்கட துறைமுகத்திலும் பார்க்கக் குறைஞ்சதோ?"

அன்றிலிருந்து நான் ஐரோப்பாவின் பைலட். என்னைக் கேட்காமல் எந்தப் படையும் சின்ன நாட்டுக்குள் நுழைய ஏலாது. கேட்டால் நான் மறுக்கவும் ஏலாது. ஆனால் நான் அந்த இடத்தில் இருக்கவேண்டும். ஒரு தடவை நான் குளிக்கப் போய்விட்டேன். ஜேர்மன் படை முழுவதும் எல்லையில் காத்து நின்றது. பொறுமை இழந்த மாஸ்டர் கிணற்றடிக்கே வந்து, முகமெல்லாம் சவர்க்காரத்தோடு கண்ணை மூடிக்கொண்டு நின்ற என்னிடம், லக்சம்பேர்க்குக்குள் வரலாமா என்று கேட்டார்.

சட்டங்கள் வாரத்துக்கு வாரம் குட்டி போட்டன. இரண்டு படை ஒரே நாட்டுக்கு வந்தால் பாண் கடையில் போல வரிசை. முதலில் கேட்டவருக்கே முதல் வழி. தங்கிவிட்டுப் போகிற படை, கீழே விழுந்த புளியங்கொட்டையைப் பொறுக்கி இடத்தைத் துப்புரவாக்கிவிட்டுத்தான் போகவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் துருக்கியில் சண்டை கூடாது என்று நசீர் நானா கேட்டார். உடனே அதுவும் எழுதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கிற யுத்தத்தில் அந்தச் சட்டம் ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. நானும் இன்னொரு கடிதம் எழுதுவதை அடுத்த ஞாயிறுக்கு, அதற்கு அடுத்த ஞாயிறுக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

முப்பத்தோராவது சட்டத்தோடு மாஸ்டர் வெடித்தார். இப்படி விளையாடுவதென்றால் தான் எழும்பிப் போவதாகச் சொன்னார். மூன்று பேரோடு உலக யுத்தம் நடத்த முடியாது. கடைசியில் ஒரு பந்தயம் முடிவானது. ஒரே ஒரு ஆட்டம். மாஸ்டர் தோற்றால் டாலியரின் சட்டங்கள் நிரந்தரம். வென்றால் டாலியர் சட்டம் எழுதி வைத்திருந்த கொப்பி அடுப்புக்குள். அடுப்புக்குள் போகப்போவது கொப்பி மட்டும் இல்லை, என் கதிரையும்தான் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் மத்தியானம் தொடங்கி நாலு மணிக்குத் துருக்கியில் வந்து நின்றது. டாலியர் ரஷ்யா. அவருடைய மூன்று தெறியும் கருங்கடலுக்குள் அடைபட்டுக் கிடந்தன. துருக்கிக்குள்ளால் போகிற ஒடுங்கிய வாய்க்கால் வழியாக அவர் வெளியே வந்தால் மாஸ்டர் முடிந்தார். மாஸ்டரின் கப்பல் உள்ளே போனால் டாலியர் முடிந்தார். பைலட் ஒருவன்தான். மாஸ்டர் முந்திக்கொண்டு அனுமதி கேட்டார். ஒரு மூச்சு பிந்தி டாலியரும் கேட்டார்.

நான் டாலியரின் தெறியில் கையை வைத்தேன். மாஸ்டர் கேட்டது என் காதில் விழவில்லை என்றேன்.

டாலியர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "உமக்குக் கேட்டது, ஐசே. எனக்கே கேட்டது."

"அண்ணை, சட்டம் போனா எனக்கு இங்க கதிரையில்லை."

"ஓம். அதுக்காக அவர் கேட்டதைக் கேக்கேல்லையெண்டு எழுத ஏலாது. அவரைக் கூட்டிக்கொண்டு போம்."

எனக்கு அழுகை வந்தது. மாஸ்டரின் தெறியை நானே கையால் தள்ளிக்கொண்டு போய்க் கருங்கடலில் விட்டேன். அடுத்த கால் மணித்தியாலத்தில் ரஷ்யா முடிந்தது. நசீர் நானா மனமில்லாமல் குசினிக்குப் போய் நெருப்புப்பெட்டியை எடுத்து வந்து வைத்தார். மாஸ்டர் கொப்பியைக் கையில் எடுத்து, நெருப்புப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கொப்பியை டாலியர் பக்கம் தள்ளினார்.

"முப்பத்திரண்டு எண்டு போடும்," என்றார். "விளையாட்டு நடக்கேக்க பைலட் தேத்தண்ணி போட எழும்பக்கூடாது. யுத்தம் நிக்குது. வேற ஆக்கள் போடட்டும்."

அன்று ஓவசியர் தேத்தண்ணி போட்டார். தார் மாதிரி இருந்தது. அதைப்போல ருசியான தேத்தண்ணியை நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து டாலியருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. ஸ்டேஷனில் கொப்பியை என் கையில் தந்து, பைலட்டிடம் இருக்கட்டும் என்றார். கொப்பி என்றால், பழைய தாள்களை அடுக்கி நூலால் தைத்ததுதான். முதல் தாளின் தலைப்பில் நாலு கோடும் குறுக்கே ஐந்தாவது கோடும் கீறியிருந்தது. அதன் கீழே முதலாம் சட்டம்: 'ஐந்தாவது ஆளுக்கு ஒரு கதிரை.' தாளைப் புரட்டினேன். பின்பக்கத்தில் என் கையெழுத்து. மதிப்புக்குரிய ஐயா, சொந்தக் காரணங்களால் என்று தொடங்கிய என் ராஜினாமாக் கடிதம்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது..."

"பின்பக்கம் வெறுமையாக் கிடந்தது, ஐசே," என்றுவிட்டு ஏறிப்போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மேசையைச் சுற்றிக் கதிரைகளை எண்ணினேன். ஐந்தும் இருந்தன. ஆனாலும் கணக்கில் ஒன்று குறைந்தது. மான் என்றால் பற்றைக்குள் தேடிப் பார்த்திருக்கலாம்.