ஒரு புஷ் மிச்சம்

சக்கரத்தை மாட்டி, ஆக்சிலை நுழைத்து, நட்டை இறுக்கிய பிறகும் சாக்கின் மேல் ஒரு புஷ் மிச்சம் கிடந்தது. மோதிரம் அளவு இரும்பு வளையம். பாண்டிராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காலையில் பைக்கின் முன்சக்கரம் பஞ்சர். அதைக் கழற்றித் தோளில் சுமந்துபோய், கடையில் ஒட்டி, கடை வாசலில் வைத்திருந்த ஆக்சில், நட்டு எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு விஸ்வநத்தத்தில் வீடு வந்து சேர்ந்திருந்தான்.

பதினோரு மணிக்கு ஆலங்குளத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் இவன் ஒருவன்தான். பஸ்ஸும் போய்விட்டது.

"சக்கரம் சுத்துதுல்ல? கிளம்புங்க," என்றாள் மனைவி செல்வலட்சுமி. பட்டுச்சேலை. கையில் சீர்த்தட்டு.

"ஒண்ணு மிச்சம் இருக்கே."

"பைக்குள்ள போட்டுட்டு வாங்க."

பாண்டிராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் அவனுக்குப் பதினோரு வருஷ வேலை. கலந்த மருந்தில் ஒரு பிடி மிச்சம் வைத்தாலும் அறையைப் பூட்டக் கூடாது.

"மிச்சம் வச்சா ஆபத்து."

"இது வண்டி."

"எல்லாம் ஒண்ணுதான்."

நட்டைக் கழற்றினான். புஷ்ஷை வலது பக்கம் சொருகி இறுக்கினான். சக்கரம் சுற்ற மறுத்தது. தளர்த்தினான். சக்கரம் தலையாட்டியது. இடது பக்கம் மாற்றினான். ஸ்பீடோமீட்டர் வயர் பிடுங்கிக்கொண்டு கையோடு வந்தது.

"இப்ப ரெண்டு மிச்சம்," என்றாள் செல்வலட்சுமி.

போன் அடித்தது. அக்கா மாடத்தி.

"ஏலே, எங்கன இருக்க?"

"கிளம்பிட்டேன்க்கா."

"ஒரு மணி நேரமாக் கிளம்புற. பிள்ளைக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி வச்சிருக்கேன். உக்கார மடியக் காணோம்."

பாண்டிராஜ் போனை வைத்தான். புஷ்ஷை மறுபடி வலது பக்கம் வைத்து ஆக்சிலை அழுத்தினான். பாதியில் நின்றது.

"சுத்தியலால ஒரு போடு போடுங்க."

"இரும்பை இரும்பால அடிக்கக் கூடாது. பொறி பறக்கும்."

அடுப்படிக்குப் போய்ப் பூரிக்கட்டையோடு வந்தான். மூன்றாவது அடியில் கட்டை இரண்டாகப் பிளந்தது. ஆக்சில் புஷ்ஷைக் கவ்விக்கொண்டு இறுகிவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

செல்வலட்சுமி ஒரு பாதிக் கட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இதையும் உள்ள விட்டுருங்க. மிச்சம் வைக்கக் கூடாதுல்ல."

மறுபடி போன். பாண்டிராஜ் பெயரைப் பார்க்காமலே எடுத்தான்.

"வந்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"அண்ணே, நான் பஞ்சர் கடை முனியசாமி. உங்க நம்பர் இப்பத்தான் கிடைச்சுது. நீங்க அள்ளிட்டுப் போனதுல அடுத்த வண்டி புஷ் ஒண்ணு வந்திருக்கான்னு பாருங்க. அது இல்லாம ஒரு ஆசாரி ரெண்டு மணி நேரமா இங்கனயே உக்காந்திருக்காரு. ஆலங்குளத்துல ஏதோ பிள்ளைக்குக் காது குத்தணுமாம்."