அறுந்தது கம்பி அல்ல

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு நலம். மனசுக்கு நலமில்லை, காரணம் நீங்கள். அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் சகலை வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மனுஷன் வாசலிலேயே மறித்துக்கொண்டு, "என்ன சகலை, நீங்க கட்டிக் கொடுத்த கம்பி ஒரு மீனைத் தாங்கலையாமே. அப்ப இத்தனை வருஷமா உங்க லிஃப்ட்ல ஏறினவங்கல்லாம் புண்ணியம் பண்ணவங்கதான்" என்றார். உள்ளே சோபாவில் இருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. யார் சொன்னது என்று கேட்டால், "வேற யாரு, உங்க மாப்பிள்ளைதான். ஏரில பெரிய வாளை மீன் மாட்டுச்சாம், மாமா கட்டின கம்பி அறுந்து மீன் போயிடுச்சுன்னு போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு" என்கிறார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை, நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள்வரை லிஃப்ட் கயிறு பார்த்தவன். இரும்புக் கயிற்றைத் துணியால் தடவியே எந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது என்று சொல்வேன். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு நோயாளியை ஏற்றியது என் கயிறு. துணிக்கடையில் பைகளோடு மொத்தக் குடும்பத்தையும் இறக்கியது என் கயிறு. நான் மாட்டிய கயிறு அறுந்தது என்று என் மேலதிகாரி சொன்னதில்லை, என்னைக் கண்டாலே ஆகாதவர்கள்கூடச் சொன்னதில்லை. என் மகளைக் கட்டிக்கொண்ட நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எனக்கென்று மிச்சம் இருப்பது அந்த ஒரு பெயர்தான். அதையும் ஒரு மீனுக்காகக் கெடுத்துவிட்டீர்கள்.

நானாகவா வந்து கட்டித் தருகிறேன் என்றேன்? வாளைக்கு வாயெல்லாம் பல், நைலான் நரம்பைக் கடித்துத் துப்பிவிடுகிறது, அதனால் நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவில் ஒரு முழம் கம்பி வேண்டும், அதற்கு லீடர் என்று பெயர், கடையில் விற்பது ஒன்றும் நிற்பதில்லை என்று வந்து நின்றவர் நீங்கள். சரி, வீட்டு மாப்பிள்ளை ஆசைப்படுகிறாரே என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். பல இழை முறுக்கிய மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து, செம்புக் குழாய்த் துண்டு ஒன்றில் நுழைத்து, முள்ளின் காதில் விட்டு, திரும்பவும் அதே குழாய்க்குள் கொண்டுவந்து குறடால் நசுக்கினேன். குழாயின் நடுவில்தான் நசுக்க வேண்டும், விளிம்பில் நசுக்கினால் விளிம்பே கம்பியைக் கடித்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "போதும் மாமா, மீனுக்குத்தானே." நான் மீன் என்றும் மனுஷன் என்றும் பார்த்துக் கயிறு கட்டுகிறவன் இல்லை. தேவைக்குப் பல மடங்கு தாங்கினால்தான் அதற்குப் பெயர் கயிறு.

சகலை வீட்டிலிருந்து வந்த கையோடு, அதே கம்பி, அதே குழாய், அதே குறடு என்று இன்னொரு லீடர் கட்டினேன். சோதனை பண்ணாமல் நான் வாய் திறப்பதில்லை. சமையலறைப் பரண் கொக்கியில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையில் தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டேன். கம்பி அசையவில்லை. வாளியின் கைப்பிடி கழன்று, தண்ணீர் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்குப் போய், கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டியது. அவர் மாடியேறி வந்து பேசிய பேச்சை நான் எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தைப் பேரன் எழுத்துக்கூட்டிப் படித்தாலும் படிப்பான். அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் மனசு ஆறினால்தானே. படுக்கையறைக் கதவின் பிடியில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையைக் கயிறு போட்டுக் கூடத்து இரும்பு பீரோவின் காலோடு கட்டி, பீரோவை நான் முதுகு கொடுத்துத் தள்ளினேன். கம்பி நின்றது. கதவுப் பிடிதான் தாழ்ப்பாளின் குடலோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் முழங்காலில் அடித்தது. உங்கள் அத்தை அப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

"என்னங்க சத்தம் அங்க?"

"கம்பிக்கு ஒண்ணும் ஆகல."

"கம்பியை யார் கேட்டா? கதவைத் திறங்க."

"திறக்க முடியாது. பிடி என் கையில இருக்கு."

தச்சர் வந்து திறக்கும்வரை அவள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து உங்களையும் என்னையும் சேர்த்து வாழ்த்தினாள். தச்சர் கதவைப் பார்த்தார், லீடரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏங்க, மீன் பிடிக்கிற கம்பில கதவைப் பிடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, வேலை முடியும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். உங்கள் புண்ணியத்தில் தச்சரும் சிரித்தாயிற்று.

அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. கம்பி அறுந்தால் பாதி மீனோடு போகும், பாதி உங்கள் நரம்போடு வரும். எங்கே மாப்பிள்ளை அந்தப் பாதி? உங்களைக் கேட்டால் மழுப்புவீர்கள் என்று என் மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, நரம்புல கம்பியே இல்லப்பா, வெறும் நரம்புதான் இருக்கு" என்று போட்டோ எடுத்து அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கிறது. அறுந்த நரம்பு சுருளாது, முடிச்சு நழுவிய நரம்புதான் சுருளும். கம்பி வரைக்கும் என் வேலை, நரம்பை அதில் முடிபோட்டது உங்கள் வேலை. எச்சில் தொட்டு நிதானமாக இறுக்க வேண்டிய முடிச்சை நீங்கள் காய்ந்த நரம்பில் அவசரமாக இழுத்திருக்கிறீர்கள். உங்கள் முடிச்சு அவிழ்ந்து மீன் போனதற்கு என் கம்பி மேல் பழி.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் நீங்கள் போனில் கூப்பிட்டு, முக்கியமாக என் சகலையைக் கூப்பிட்டு, "மாமா கம்பி அறுந்து போகல, நான் போட்ட முடிச்சுதான் அவுந்துச்சு" என்று உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லும்வரை இந்த வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு, லீடர் கிடையாது. அதுவரை நானும் உங்களிடம் பேசுவதாக இல்லை.

மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, மனசில்லாமல் கொடுத்தாலும் ஆசி ஆசிதான்.

இப்படிக்கு,
கோபத்தில் இருக்கும் உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒட்டிய பிறகு, கையில் ஒரு வாளை மீனும் இருந்தால் சகலையின் வாய் அடைபடுமே என்று தோன்றியது. நீங்கள் எங்கள் பீரோவின் மேல் உறைபோட்டு வைத்துவிட்டுப் போன விலை உயர்ந்த தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு உங்கள் அத்தையோடு ஏரிக்குப் போனேன். லீடர் என்னுடையது, முடிச்சு அவள் எச்சில் தொட்டுப் போட்டது. வாளை கடித்தது. கம்பி தாங்கியது. முடிச்சும் தாங்கியது. தாங்காதது என் கை மட்டும்தான். கழி தண்ணீரின் மேல் படகு மாதிரி ஏரியின் நடுவரைக்கும் போய், அங்கே முக்குளித்தது. "மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க" என்று அவள் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். அதனால் மாப்பிள்ளை, யாருக்கும் போன் பண்ண வேண்டாம், முக்கியமாகச் சகலைக்கு. முடிச்சு அவிழ்ந்தது என்று நீங்கள் ஆரம்பித்தால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள், மாமா சொன்னார் என்பீர்கள், பேச்சு வளர்ந்து கழியில் வந்து நிற்கும். என் கம்பி அறுந்தது என்று நீங்கள் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். எனக்கும் வயதாகிறது, விளிம்பில் நசுக்கியிருந்தாலும் இருப்பேன்.