எடைக் குறைப்பில் முதலிடம் பிடித்த கோழி

வருகை விவரம்: குடியிருப்போர் சங்கத் தலைவர் தோத்தாத்ரி, மேடை நடுவில், கைவைத்த நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம், எடைக் குறைப்புப் போட்டியின் அமைப்பாளர் பிரசன்னா, லேப்டாப்புடன். இடப்பக்கம், ஆன்லைனில் உணவு ஆலோசனை சொல்லும் ஷீலா மேடம், வெந்நீர் பாட்டிலுடன். மேசையின் மேல், விரித்த துண்டில், போட்டியில் முதலிடம் பிடித்த சாம்பல் நிறக் கோழி. கோழியின் உரிமையாளரும் எங்கள் குடியிருப்பைக் கூட்டிப் பெருக்குபவருமான கங்கம்மா, வாசலோரம். நாற்காலிகள் மீதம் இருந்தும் நின்றபடி. குடியிருப்போர் முப்பத்தொரு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகளில். செயலாளராகிய நான் மின்விசிறிக்குக் கீழே, மினிட்ஸ் நோட்டு பறக்காமல் முழங்கையை ஊன்றியபடி.

உலகில் எத்தனையோ நாகரிகங்கள் தோன்றின, கோட்டை கட்டின, மறைந்தன. உடம்பைக் குறைப்பது எப்படி என்று ஒரு கோழியிடம் கேட்டறியும் உயரத்தை அவற்றில் ஒன்றும் எட்டவில்லை. பெருங்களத்தூர் பசுஞ்சோலை ரெசிடென்சி சென்ற ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எட்டியது.

கோழி எப்படிப் போட்டிக்குள் வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நூறு நாள் எடைக் குறைப்புப் போட்டி நடத்தினால் செல்போன் செயலி ஒன்று குடியிருப்புக்கே தங்கப் பதக்கப் படம் அனுப்புமாம். அதற்கு ஐம்பது போட்டியாளர்கள் வேண்டும் என்றார் பிரசன்னா. சேர்ந்தவர்கள் நாற்பத்திரண்டு. குறைவது எட்டு. சி பிளாக் பின்னால் காலி மனையில் கங்கம்மா அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கோழிகளும் எட்டு. விதி இரண்டு, ‘வளாகத்தில் வசிக்கும் எவரும்’ என்கிறது. கால் எத்தனை, இறக்கை உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. பெயர்களைச் சேர்த்தது நான்தான். ஞாயிறுதோறும் மனிதர்கள் எடை மெஷினில் ஏறிப் பெருமூச்சு விட்டு இறங்கியதும், கோழிகளைத் தராசில் வைத்து, எடையை நோட்டில் எழுதி, குரூப்பிலும் போட்டேன்.

ஐம்பது நாளில் மனிதகுலம் மொத்தமாக நாலு கிலோ குறைந்தது. ஒரே ஒரு கல்யாண சாப்பாட்டில் ஆறு கிலோ ஏறியது. ஆயிரத்து அறுநூறு கிராமில் தொடங்கிய சாம்பல் கோழியோ தொள்ளாயிரத்து அறுபதில் நின்றது. அடுத்த ஆறு இடங்களும் கோழிகளுக்கே.

வாராவாரம் இந்தக் கணக்கைப் பார்த்தே குடியிருப்பு திருந்திவிட்டது. காலை ஆறு மணிக்குத் தலைவர் கோழிகளுக்குப் பின்னாலேயே நடந்தார். அவை நின்றால் நின்றார், திரும்பினால் திரும்பினார். ஷீலா மேடம் ‘கோழி டயட்’ என்று வீடியோ போட்டார். பி பிளாக் ஜெபகுமார் பனியனோடு மண்ணைக் காலால் கிளறினார். பக்கத்து வண்டலூர் உயிரியல் பூங்காவில் மிருகங்களை வேடிக்கைதான் பார்க்கிறார்கள், நாங்கள் பின்பற்றினோம்.

கூட்டத்தின் முதல் பொருள், ‘வெற்றியாளருடன் கலந்துரையாடல்’. வெற்றியாளர் தலையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடியிருந்ததால், அவர் சார்பில் கங்கம்மா அழைக்கப்பட்டார்.

“கங்கம்மாக்கா, சாம்பல் டெய்லி என்ன சாப்பிடுறா?” ஷீலா மேடம் பேனாவைத் திறந்தார்.

“கம்பு, சோத்துப் பருக்கை, மண்ணுல கெடைக்கிறது. நல்லாத்தான் துன்னுது. முன்னவிட ரெண்டு மடங்கு துன்னுது.”

கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. “ரெண்டு மடங்கு சாப்பிட்டும் குறையுது!” என்று ஜெபகுமார் எழுந்தேவிட்டார்.

“கொறையாம இன்னா சார் பண்ணும்? வயிறு பூரா புழு. கொண்டையப் பாரு, வெளுத்துப் போய்க் கீது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துது.”

“கொண்டை வெளுக்கிறது டீடாக்ஸ் நடக்குறதோட அடையாளம்” என்று ஷீலா மேடம் எழுதிக்கொண்டார்.

“முட்டை வுட்டு இருவது நாளாச்சு.”

“எனர்ஜியை வேஸ்ட் பண்றதில்ல” என்று அதையும் எழுதினார் ஷீலா மேடம்.

“தூக்கம் எப்படி அக்கா?” என்றார் பிரசன்னா.

“நாள் பூரா தூங்கி வழியுது.”

“ரிகவரி!” பிரசன்னா லேப்டாப்பில் தட்டினார். கைதட்டல் எழுந்தது. கோழி அரைக்கண் திறந்து மூடியது. அடக்கம் என்று மினிட்ஸில் குறித்தேன்.

கங்கம்மா இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து நீட்டினார். “மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க. புழு மருந்து. தண்ணியில கலந்து எல்லாத்துக்கும் ஒண்ணா வெக்கணுமாம். வாங்கி வெச்சுகினு நாலு நாளா நிக்கிறேன். முந்தாநேத்து ஒண்ணு செத்துப்போச்சு சார். இன்னும் ரெண்டுக்குக் காலே நிக்கல.”

“செத்ததை நான் ஆப்புல ‘இன்ஆக்டிவ் யூசர்’னு மாத்திட்டேன், சார்” என்று பிரசன்னா தலைவருக்கு உறுதி கூறினார்.

மருந்துக்குத் தடையாக நின்றது விதி ஏழு: ‘போட்டி முடியும்வரை எந்தப் போட்டியாளரும் எடையைப் பாதிக்கும் மருந்து எதையும் உட்கொள்ளக் கூடாது.’ ஜெபகுமார் ஒளித்து வைத்திருந்த மாத்திரைகளுக்காகப் பிறந்த விதி அது. ஆனால் விதி என்று வந்துவிட்டால் ஜெபகுமாரும் ஒன்றுதான், கோழியும் ஒன்றுதான். மீறினால் கோழி வளர்க்கும் அனுமதி ரத்தாகும் என்று கங்கம்மாவுக்கு முறைப்படி கடிதம் கொடுத்ததும் நான்தான். மருந்து வைத்தால் கோழிகளுக்கு இடமில்லை. வைக்காவிட்டால் கோழிகளே இல்லை. இந்த இரண்டு வழிகளில் எதையும் தேர்ந்தெடுக்கும் முழுச் சுதந்திரத்தைச் சங்கம் அவருக்கு வழங்கியிருந்தது.

“மருந்து குடுத்தா வெயிட் ஏறிடும். ஃபேர் ப்ளே என்ன ஆகுறது?” என்றார் பிரசன்னா.

“இன்னும் எத்தினி நாள் கீது உங்க போட்டி?”

“ஐம்பது நாள்.”

“அதுக்குள்ள எல்லாம் செத்துடும் சார்.”

“எதையும் நெகட்டிவா பார்க்காதீங்கம்மா” என்றார் தலைவர், மிகுந்த கனிவுடன். “அடுத்த கமிட்டியில விதியைத் திருத்துறது பத்தி யோசிக்கலாம். அதுக்கு இருபத்தொரு நாள் நோட்டீஸ் கொடுக்கணும்.”

அந்நேரம் வெற்றியாளர் துண்டின் மேல் தம் கருத்தைப் பதிவு செய்தார். அந்த எச்சத்துக்குள் சேமியா போல நாலைந்து இழைகள் வெள்ளையாக நெளிந்தன.

தலைவரின் நாற்காலி இரண்டடி பின்னால் போனது. முன்வரிசை முழுவதும் கர்ச்சீப் ஆனது. எல்லாம் முடிந்தது, இனி மருந்துதான் என்று நானே நினைத்தேன். அப்போது ஜெபகுமார் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

“மேடம்... இது நமக்கும் கிடைக்குமா?”

முன்வரிசையில் கர்ச்சீப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லோரும் யோசித்தார்கள்.

“ஆர்கானிக்கா இருந்தா...” என்று ஷீலா மேடம் தொடங்கினார்.

“அய்ய! நீங்கல்லாம் இன்னா மனுசங்க!” கங்கம்மா மேடைக்கே வந்து கோழியைத் துண்டோடு அள்ளிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், உங்க போட்டியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வெலகிக்கணும்னா இன்னா பண்ணணும்?”

ஐம்பது நாளில் யாரும் கேட்காத கேள்வி. விதிப் புத்தகத்தைப் புரட்டி, விதி பதினொன்றை உரக்கப் படித்தேன்: ‘விலக விரும்பும் போட்டியாளர், காரணத்தைக் குறிப்பிட்டுச் செயலாளருக்குத் தபாலில் கடிதம் எழுத வேண்டும். தபால் பெட்டியில் சேர்த்த கணம் முதல் விலகல் செல்லும்.’

“கோழிக்கு எழுதத் தெரியாதேம்மா” என்று தலைவர் வருத்தப்பட்டார்.

“எழுதத் தெரியாதவங்களுக்குச் செயலாளர் எழுதித் தரலாம். கைநாட்டு போதும், அதே விதி, உட்பிரிவு இரண்டு” என்றேன். கடித விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

“சார்! ஐம்பதுக்குக் குறைஞ்சா மெடல் போயிடும்!” பிரசன்னாவின் குரல் உடைந்தது.

அதற்குள் நான் வெள்ளைத் தாளில் விளிம்பு மடித்துவிட்டேன். அனுப்புநர்: சாம்பல் முதலிய ஏழு கோழிகள், சி பிளாக் பின்புறம். பெறுநர்: செயலாளர், பசுஞ்சோலை ரெசிடென்சி. பொருள்: போட்டியிலிருந்து விலகுதல் தொடர்பாக.

“காரணம் என்னன்னு போடட்டும்மா?”

கங்கம்மா கோழியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். “சொல்றத அப்டியே எழுது சார்” என்றார். சொன்னார். எழுத்து நடைக்கு மாற்றினேன். மாற்றியும் அது இப்படித்தான் வந்தது:

‘ஐயா, நாங்கள் இளைக்கவில்லை. எங்களை உள்ளிருந்து புழு தின்றது. அது புழு, அதற்கு வேறு பிழைப்புத் தெரியாது. நாங்கள் எவ்வளவு தின்னப்பட்டோம் என்று வாராவாரம் நிறுத்துப் பார்த்து, எழுதி வைத்து, கைதட்டியது நீங்கள். எங்களில் ஒன்று செத்ததற்கு எந்த விதி என்று பதில் எழுதவும்.’

பின்மனைக்குப் போய், ஸ்டாம்ப் பேடில் ஒவ்வொரு கோழியின் காலையும் பதித்து, தாளில் வைத்தோம். ஏழு ஊதா நட்சத்திரங்கள். நிற்க முடியாத இரண்டையும் கங்கம்மா மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ‘இப்படிக்கு, உண்மையுள்ள’ என்று முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. மாற்றி எழுதச் சொல்லவும் இடமில்லை.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். பெறுநர் இடத்தில் என் பெயரை நானே எழுதி, நாவால் ஈரப்படுத்தி ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தி, தபால்தலையும் ஒட்டினேன். கங்கம்மா தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, மருந்துப் பாட்டிலைப் பக்கத்தில் தயாராக வைத்துவிட்டு, உறையை என் கையில் திணித்தார்.

“நீயே போய்ப் போடு சார். பொட்டியில வுட்டதும் போன் பண்ணு. அப்பத்தான் நான் மூடியத் தொறப்பேன்.”

ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துத் தபால் பெட்டி வரைக்கும் நடந்தேன். என் மீதான குற்றப்பத்திரிகையை என் கையாலேயே உள்ளே தள்ளி, அடியில் விழுந்த சத்தம் கேட்ட பிறகு, போனை எடுத்தேன்.